நாற்காலி விற்ற நல்லவன்

திரில்லர் படம் பார்க்கிற விஷயத்தில் எங்கள் வீட்டில் எனக்கு மரியாதையே கிடையாது. நான் யாரைச் சந்தேகப்படுகிறேனோ, அந்த ஆசாமி அடுத்த சீனிலேயே கத்திக்குத்து வாங்கிச் செத்துப் போவான். என் மனைவியோ அடுக்களையில் தாளித்துக் கொட்டிக்கொண்டே எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிய நடிகரைக் கூட்டிட்டு வந்து சும்மா டாக்டர் வேஷமா கொடுப்பாங்க? அவர்தான்" என்று சொல்லிவிட்டுப் போவாள். கடைசியில் அவர்தான். நான் இரண்டரை மணி நேரம் நகம் கடித்தும் கண்டுபிடிக்காததை, அவள் சம்பளக் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடுகிறாள்.

அப்படிப்பட்டவளை உட்காரவைத்து, 1941-ல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் எடுத்த 'சஸ்பிஷன்' படத்தைப் போட்டுக் காட்டினேன் என்றால், அதற்குக் கலை ஆர்வம் காரணம் என்று நினைத்துவிடாதீர்கள். காரணம் ஒரு சாய்வு நாற்காலி.

மாமனார் சீரோடு கொடுத்த தேக்கு நாற்காலி அது. பிரம்பு பிய்ந்து பரணில் கிடந்தது. தெருவோடு போன பழைய சாமான் வியாபாரி ஒருவர் நல்ல விலை சொன்னார். கொடுத்துவிட்டு, வந்த காசில் முதுகு பிடித்துவிடும் மிஷின் ஒன்று வாங்கினேன். அது முதுகைப் பிடித்தது; விடத்தான் மாட்டேன் என்றது. மனைவியிடம், நாற்காலியைப் பிரம்பு பின்னக் கொடுத்திருப்பதாகச் சொல்லிவைத்தேன். அதற்கப்புறம் அந்தப் பிரம்புக்காரருக்குத்தான் எத்தனை சோதனை! ஊருக்குப் போனார், மச்சினிக்குக் கல்யாணம் செய்தார், திரும்பி வந்ததும் மஞ்சள் காமாலையில் படுத்தார். இல்லாத மனுஷனுக்குக் கீழாநெல்லி வாங்கித் தரட்டுமா என்று என் மனைவி கேட்கும் அளவுக்குப் போய்விட்டது.

இந்த நெருக்கடியில்தான் 'சஸ்பிஷன்' கதைச்சுருக்கம் கண்ணில் பட்டது. புருஷன்மேல் பெண்டாட்டி சந்தேகப்படுகிறாள். கடைசியில் அவன் நிரபராதி. எனக்காகச் சாட்சி சொல்ல ஹிட்ச்காக்கே வருகிறார் என்றால் வேண்டாம் என்பேனா? சுருக்கம் எழுதின புண்ணியவான் ஒரே ஒரு விவரத்தை மட்டும் விட்டுவிட்டான்.

படம் ஆரம்பித்ததுமே கதாநாயகன் கேரி கிராண்ட், மூன்றாம் வகுப்பு டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரயிலில் முதல் வகுப்பில் வந்து உட்காருகிறார். பரிசோதகர் மீதிக் காசு கேட்கிறார். சில்லறை பற்றவில்லை. எதிரே இருக்கிற, முன்பின் தெரியாத ஜோன் ஃபான்டெய்னிடம் ஒரு தபால்தலையை வாங்கி நீட்டிக் கணக்கைத் தீர்க்கிறார்.

"ஸ்டாம்பைக்கூடவா கடன் வாங்குவான்? இவன் உருப்பட மாட்டான்" என்றாள் என் மனைவி. எனக்கென்னவோ அவன் சாமர்த்தியசாலியாகத் தெரிந்தான்.

கல்யாணம் ஆகிறது. மாமனார் பெரிய மிலிட்டரிக்காரர், ஜெனரல். பெண்ணுக்குக் கல்யாணப் பரிசு அனுப்புகிறார். என்ன பரிசு என்கிறீர்கள்? பரம்பரையாக வந்த இரண்டு நாற்காலிகள்!

எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொஞ்ச நேரத்தில் நாற்காலிகளைக் காணோம். யாரோ அமெரிக்கருக்கு விற்றுவிட்டதாகப் புருஷன் சொல்கிறான். கடைத்தெருவுக்குப் போன பெண்டாட்டி, ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதே நாற்காலிகளைப் பார்க்கிறாள். எங்கள் ஹாலில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"போர் அடிக்குது. வேற ஏதாவது வைக்கட்டுமா?" என்றேன்.

"இருங்க. இப்பத்தான் சூடு பிடிக்குது."

பிடித்தது. கேரி கிராண்ட் வேலை பார்த்த இடத்தில், அதுவும் சொந்தக்காரரிடமே, பணத்தைக் கையாடுகிறான். கூட்டாளி ஒருவன் பாரிஸில் பிராந்தியைக் குடித்துச் சாகிறான். கூட இருந்தது யாரோ ஒரு இங்கிலீஷ்காரன். ஊரில் துப்பறியும் கதை எழுதுகிற அம்மாள் ஒருத்தி இருக்கிறாள்; தடயமே விடாத விஷம் எது என்று அவளிடம் நைசாக விசாரிக்கிறான். கடைசியில் ஒரு ராத்திரி, பெண்டாட்டிக்குப் பால் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிறான். படியெல்லாம் நிழல், அவன் முகமும் இருட்டு, பால் டம்ளர் மட்டும் தகதகக்கிறது. பார்க்கிறவன் கண் வேறெங்கும் போகக் கூடாது என்று ஹிட்ச்காக் அந்தப் பாலுக்குள்ளேயே சின்ன பல்பு ஒன்றை எரியவிட்டிருந்தார். என் மனைவி சோபாவின் நுனிக்கு வந்துவிட்டாள். அவள் பாலைக் குடிக்கவில்லை என்று தெரிந்ததும்தான் இவள் மூச்சு விட்டாள்.

பிறகு வந்தது பாருங்கள் அந்த முடிவு! மலைப்பாதையில் கார் பறக்கிறது. கதவு திறந்துகொள்கிறது. தன்னைத் தள்ளத்தான் கையை நீட்டுகிறான் என்று அவள் அலறுகிறாள். இல்லையாம், காப்பாற்றத்தானாம். விஷம் பற்றி விசாரித்தது தற்கொலை செய்துகொள்ளவாம். கூட்டாளி செத்தபோது அவன் லிவர்பூலில் இருந்தானாம். எல்லாம் அவளுடைய வீண் சந்தேகமாம். கார் திரும்புகிறது, தோளில் கை விழுகிறது, சுபம். தொண்ணூற்றொன்பது நிமிடப் படத்தில் தொண்ணூற்றைந்து நிமிடம் கட்டிய கோட்டை, நாலு வரி வசனத்தில் குப்புற விழுந்தது.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பார்த்தியா, பாவம்! அநியாயமா சந்தேகப்பட்டுட்டா" என்றேன்.

"லிவர்பூல்ல என்ன பண்ணிட்டிருந்தானாம்?"

"வந்து... அவளோட இன்சூரன்ஸ் பாலிசிமேல கடன் வாங்க..."

"அதாவது, பெண்டாட்டி பாலிசியை அவளுக்குத் தெரியாம அடமானம் வைக்கப் போனவன் யோக்கியன். சரி, கையாடின பணம்? வித்த நாற்காலி? அதுவும் இவ மனப்பிராந்தியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாதபோது சினிமா சரித்திரம் பேசுவது என் வழக்கம். ஃபிரான்சிஸ் ஐல்ஸ் என்ற புனைபெயரில் ஆன்டனி பெர்க்லி காக்ஸ் 1932-ல் எழுதிய நாவல் இது. அதில் புருஷன் கொலைகாரனேதான், விஷம் என்று தெரிந்தும் பெண்டாட்டி வாங்கிக் குடிக்கிறாள் என்றேன். ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவுக்கோ கேரி கிராண்டைக் கொலைகாரனாகக் காட்டப் பயம். ஸ்டூடியோவில் ஒருவர் அவன்மேல் சந்தேகம் வருகிற இடங்களையெல்லாம் வெட்டப்போய், படம் ஐம்பத்தைந்து நிமிடமாகச் சுருங்கிவிட்டது என்று ஹிட்ச்காக்கே பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் சொல்லியிருக்கிறார். அப்புறம்தான் வெட்டினதையெல்லாம் திரும்ப ஒட்டினார்களாம். இவ்வளவுக்கும் நடுவில் ஜோன் ஃபான்டெய்ன் ஆஸ்கர் வாங்கிவிட்டார். ஹிட்ச்காக் படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

"வாங்காம? அந்த மாதிரி புருஷனை நம்புற மாதிரி நடிக்கிறது லேசா?" என்றாள். "நம்ம 'அந்த நாள்' எவ்வளவோ தேவலை. 1954-லயே எடுத்தாங்க, ஒரு பாட்டு கிடையாது. சிவாஜி 'பராசக்தி'யில வந்து ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல. அவரையே தேசத்துரோகியா காட்டினாங்க. இமேஜாவது, ஒண்ணாவது! கடைசியில சுட்டது யாரு? பெண்டாட்டி. பண்டரிபாய். அதுதான் முடிவு."

பண்டரிபாயின் பெயரைச் சொல்லும்போது அவள் குரலில் தெரிந்த திருப்தி எனக்குப் பிடிக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, ஹிட்ச்காக் தன் மனதில் இருந்ததாகச் சொன்ன முடிவை விவரித்தேன். 'என் புருஷன் கொலைகாரன்' என்று பெண்டாட்டி தன் அம்மாவுக்குக் கடிதம் எழுதி ஒட்டிவைக்கிறாள். அதைத் தபாலில் போடச் சொல்லி அவன் கையிலேயே கொடுத்துவிட்டுப் பாலைக் குடித்துச் சாகிறாள். அவன் விசிலடித்துக்கொண்டே போய், தனக்கு எதிரான சாட்சியைத் தானே தபால்பெட்டியில் போடுகிறான். அதோடு படம் முடிகிறது.

"அடடா, இதுதான் முடிவு! இதை எடுக்க விடாம கெடுத்துட்டாங்களே" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். நாற்காலிப் பேச்சு அடங்கிவிட்ட சந்தோஷத்தில் நானும் கூடவே உச்சுக்கொட்டினேன்.

மறுநாள் சாயங்காலம், "ஏங்க, கண்ணாடியை எங்கயோ வச்சுட்டேன். அம்மா நம்பரைக் கொஞ்சம் போட்டுக் கொடுங்களேன்" என்றாள். நல்ல மூடில் இருந்தேன். பழைய பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். "அத்தை, சௌக்கியமா? மாமாவுக்கு முழங்கால் வலி தேவலையா?" என்று நலம் விசாரித்து, ஸ்பீக்கரையும் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"அம்மா, அப்பா கொடுத்த சாய்வு நாற்காலியை நேத்திக்கு ஒரு பழைய சாமான் கடை வாசல்ல பார்த்தேன்" என்று ஆரம்பித்தாள்.