போலி வாங்கும் பெருந்தகையே, வாழி!

போலிக் கைப்பை வாங்குகிறவரைத் திருட்டுக்குத் துணைபோனவர் என்று ஊர் ஏசுகிறது. நான் ஏசமாட்டேன். ஒரு பெயரின் மதிப்பை அவரைப் போல அறிந்தவர் வேறு யார்? லூயி விட்டோன் நிறுவனம் 1896இல் எழுத்தும் பூவும் கோத்த முத்திரையைக் கொண்டுவந்ததே போலிகளைத் தடுக்கத்தான். இன்று அதே முத்திரை சந்தைக்குச் சந்தை தொங்குகிறது. பெருந்தகையே, தையலைப் பாராமல் அந்த எழுத்தை மட்டும் தடவிப் பார்த்து வாங்குகிறீர்கள். தையல் பிரிந்தாலும் பெயர் பிரியக்கூடாது என்ற உங்கள் பற்று வாழ்க!

உங்கள் நியாய உணர்வும் பெரிது. "கோடீஸ்வரக் கம்பெனிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? ஏழை வயிற்றிலா அடிக்கிறோம்?" என்று கேட்கிறீர்கள். ஏழைகளுக்காக இவ்வளவு உருகும் உங்களை எங்கள் மலைக்கு அழைக்காமல் எப்படி இருப்பது? வாருங்கள், இலங்கையின் ஹட்டனுக்கு.

எங்களிடமும் உலகம் மதிக்கும் பெயர் ஒன்று உண்டு. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக்கினார். அதன்பின் தமிழ்த் தொழிலாளர் முதுகில் ஏறி வளர்ந்த பெயர் அது: சிலோன் டீ. 1972இல் நாடு சிலோன் என்ற பெயரைக் கைவிட்டது; தேயிலை கைவிடவில்லை. வாளேந்திய சிங்க இலச்சினை இலங்கைத் தேயிலைச் சபைக்குச் சொந்தமானது. முழுக்க இங்கேயே விளைந்து, இங்கேயே பொதி செய்யப்பட்டு, சபை தரம் பார்த்து ஒப்புக்கொண்ட தேயிலைக்குத்தான் அந்தச் சிங்கம்.

இந்தப் பெயரையும் உங்களைப் போல் மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேற்றுநாட்டு மலிவுத் தூளோடு கைப்பிடி சிலோன் தூளைச் சேர்த்து, பெட்டி நிறையச் சிலோன் என்று அச்சடிக்கிறார்கள் என்பது தேயிலைத் துறையின் நெடுநாள் முறைப்பாடு. உள்ளூரிலும் தூளில் சீனி கலந்து எடையேற்றிய திறமைசாலிகள் பிடிபட்டிருக்கிறார்கள். டார்ஜிலிங் மலைக்காரர்களுக்கும் இதே குறைதான். அங்கே விளைவதைவிடப் பல மடங்கு தேயிலை அந்த ஊரின் பெயரில் உலகெங்கும் விற்கிறதாம். செடியில்லாமல் கொழுந்தெடுக்கும் கைகளை மெச்சாமல் இருக்க முடியுமா?

செடியோடு மல்லுக்கட்டும் கைகளையும் ஒருமுறை பாருங்கள். காலைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்து, இடுப்பில் படங்கு கட்டி, தலையில் கூடைக்கயிறு மாட்டி, அக்காமார் மலை ஏறுகிறார்கள். மழை ஈரத்தில் அட்டை காலில் ஏறும். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ள வேண்டும். முற்றல் கலந்தால் ஏச்சு விழும். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம்தான். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஸ்டோர் என்னும் தேயிலை ஆலைக்குப் போய், வாடி, அரைபட்டு, காய்ந்து வந்தால் ஒரு கிலோ தூள் தேறும். நல்ல தூள் கப்பல் ஏறிவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து அடுப்பில் கொதிக்கும் தேத்தண்ணிக்கு டஸ்ட் தூள்தான். உலகத்துக்குப் பெயர் தந்த தேயிலையின் ருசி, பறித்த வாய்க்கு எட்டுவதில்லை.

போலி மலிந்தால் அசலின் விலை இறங்கும். விலை இறங்கினால் சம்பளப் பேச்சில் கம்பெனிகள் முதலில் காட்டுவது அந்த விலையைத்தான். 2015இல் தொழிற்சங்கங்கள் கேட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளம் 2021இல்தான் வர்த்தமானி ஏறியது. அதையும் எதிர்த்துக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. 2024இல் 1,700 ரூபாய் என்று அரசு அறிவித்தது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயில் வந்து நின்றது. பெருந்தகையே, கோடீஸ்வரன் பையில்தான் கை வைப்பதாக நினைத்தீர்கள். எவ்வளவு நீளமான கை உங்களுடையது! அது அக்காவின் கூடைக்குள் அல்லவா இறங்கியிருக்கிறது!

அசலைக் காப்பவர்களையும் வாழ்த்தாமல் விட்டால் பாவம் சேரும். சிங்கத்தை யாரும் களவாடிவிடாமல் நாடு நாடாகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். வாலில் ஒரு மயிரை யாராவது தொட்டால் வழக்கறிஞர் ஓடுவார். இவ்வளவு காவல் தெரிந்தவர்கள், கொழுந்து கிள்ளும் விரலுக்கும் லயத்துக் கூரைக்கும் அதில் பாதிக் காவல் போட்டிருந்தால் போலிக்காரனை ஏசும் உரிமை அவர்களுக்கு முழுதாக இருந்திருக்கும்.

வாழ்த்து போதும். தெரிந்தே போலி வாங்குவது, பெயர் வேண்டும், அந்தப் பெயரை உண்டாக்கிய உழைப்புக்குக் காசு தரமாட்டேன் என்பதுதான். பையானாலும் தேயிலையானாலும் கணக்கு ஒன்றே. விலை கட்டுப்படியாகாவிட்டால் பெயரில்லாத நல்ல பையைத் தோளில் போடுங்கள், பெயரில்லாத நல்ல தூளில் தேநீர் குடியுங்கள். அதில் ஒரு குறையுமில்லை. லண்டனிலோ டொரொன்டோவிலோ சென்னையிலோ சிலோன் டீ என்று கேட்டு வாங்குவதானால் சிங்கத்தைப் பாருங்கள், இலங்கையில் பொதி செய்ததா என்று பாருங்கள். பார்த்தபின், பறித்தவருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று விற்றவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்காமல் குடிக்கிறவர் அசலே குடித்தாலும் கடன்காரர்தான்.