ஜெபக்குழு அக்கா

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மாணவியர் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்டு கூடி வாழும் சகோதரிக் கழகங்கள் நெடுங்காலமாக உண்டு. அதே வார்ப்பில் கிறித்தவ மாணவியர் 1988இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சிக்மா ஃபை லாம்ப்டா என்ற கழகத்தைத் தொடங்கினர். கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்துக் கல்லூரி விடுதிகளில் இப்படிக் கூடுவதற்கென வீடும் இல்லை, கிரேக்க எழுத்தும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே கூடும் ஜெபக்குழுவும், அதை நடத்தும் இறுதியாண்டு மாணவியாகிய ஜெபக்குழு அக்காவும் உண்டு.

அக்கா பெரும்பாலும் சாயர்புரம், நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துப் பெண்; அவருடைய ஆச்சி, இந்தியாவையே பார்த்திராத ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பெயரால் பாளையங்கோட்டையில் விளங்கும் சாரா டக்கர் கல்லூரியில் படித்தவராக இருப்பார். 1954இல் உருவான இந்திய நற்செய்தி மாணவர் ஐக்கியத்தின் விடுமுறை முகாம்களுக்குச் சென்றுவந்த தகுதியும் சேர்ந்துவிட்டால், வார்டனுக்கு அடுத்த அதிகாரம் அவருடையதே.

அந்த அதிகாரத்தின் ஊற்று ஜெபக்குறிப்பு நோட்டு. ஜெபக்குறிப்பு எனப்படுவது, ஒருத்தி தன் தேவையைச் சொல்ல, மற்றவர்கள் அதற்காக மன்றாடும் ஏற்பாடு. புறங்கூறுதல் பாவம் என்பதில் அக்கா மிகக் கண்டிப்பானவர். ஆகவே முதலாண்டு மாணவி ஒருத்தி பேருந்து நிலையத்தில் யாருடனோ நின்று பேசினாள் என்று தெரியவந்தால், அதைச் செய்தியாக ஒருபோதும் சொல்லமாட்டார். "அந்தத் தங்கச்சிக்காகப் பாரத்தோடு ஜெபிப்போம்" என்று தொடங்கி, நேரம், நின்ற கடை, அவன் சட்டையின் நிறம் ஆகியவற்றை ஆண்டவருக்கு விளக்கமாக எடுத்துரைப்பார். எல்லாம் அறிந்தவருக்கு இவ்வளவு விவரம் எதற்கென்று கண்மூடியிருக்கும் எவரும் கேட்பதில்லை. கேட்டால் மீதி விவரம் கிடைக்காது. நோட்டில் "தனிப்பட்ட காரியம்" என்ற வகையும் உண்டென்றாலும், குறிப்பாகச் சொன்னால்தான் குறிப்பாக ஜெபிக்கலாம் என்ற இறையியலை முன்வைத்து, அது அரியர் பாடமா அத்தை மகனா என்பதை மூன்றே கேள்விகளில் அவர் கண்டுவிடுவார்.

உள்மதிப்பீட்டுத் தேர்வு வாரத்தில் கூட்டம் இரட்டிக்கும். கோவில்பட்டிச் செண்பகவல்லி அம்மனுக்கு ஏற்கெனவே நேர்ந்துகொண்ட மாணவியரும் திருநீற்று நெற்றியோடு வந்து பின்வரிசையில் அமர்வர். அக்கா அவர்களை வரவேற்பதோடு, பதிவெண்ணையும் கேட்டுக் குறித்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை உபவாசத்தில் மயக்கம் வருவோருக்கென அவர் பையில் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இருக்கும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பண்டத்தின் மணம் பரவியதும், மயக்கமும் பரவும்.

அவருக்கு உண்மையான சோதனை ஐப்பசியில் வருகிறது. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானம் பார்த்திருக்கும் மானாவாரி விவசாயியின் மகள் மழைக்காகக் குறிப்புக் கொடுப்பாள்; அடுத்த படுக்கைக்காரியோ தீப்பெட்டி ஆலைக் குடும்பத்துப் பெண். இந்த வட்டாரத்தின் வறண்ட காற்றை நம்பித்தான் தீப்பெட்டித் தொழிலே இங்கு வேரூன்றியது; ஈரம் ஏறினால் மருந்து தோய்த்த குச்சி காயாது என்பதால், அவள் வெயிலுக்காகக் குறிப்புக் கொடுப்பாள். இரண்டும் நியாயமான விண்ணப்பங்கள், இரண்டும் ஒரே பக்கத்தில் பதிவானவை. அக்கா சற்று நேரம் தொண்டையைக் கனைத்து, "எங்கே எது தேவையோ அங்கே அது" என்று மன்றாடி முடிப்பார். வருவாய்த் துறையின் எந்த அறிக்கையும் இவ்வளவு நயமாக எழுதப்பட்டதில்லை. மறுநாள் கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வரும் அளவுக்கு மழை கொட்டினால், அன்று மாலைக் கூட்டத்தில் ஒருத்தி சாட்சி சொல்வாள், அதாவது பெற்ற நன்மையை எழுந்து நின்று அறிவிப்பாள். மற்றவள் தலைவலி என்று அறையிலேயே இருந்துவிடுவாள்.

எட்டாம் பருவத்தில் அக்காவுக்கே ஊரில் நிச்சயம் ஆகும்போது, நோட்டில் அவர் கையெழுத்தில் "தனிப்பட்ட காரியம்" என்று மட்டுமே காணப்படும். அந்த மூன்று கேள்விகளையும் அவரிடமே கற்றுத் தேர்ந்த மூன்றாமாண்டுத் தங்கை, மாப்பிள்ளை வேலை பார்க்கும் ஊர் முதல் சம்பளம் வரை அனைத்தையும் அன்றிரவே ஆண்டவருக்கு எடுத்துரைத்துவிடுவாள்.