நடுங்கலளவை: கும்மிடிப்பூண்டியிலிருந்து ஓர் ஊட்டி ஆராய்ச்சி

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவை நான்கோடு நன்னூல் உரைகாரர்கள் நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் யாரும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஃபர்னஸ் பக்கம் ஷிஃப்ட் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் ஐந்தாவதாக நடுங்கலளவை என்று ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். அதன் அலகு 'ஊட்டி'.

வழக்கில் இதற்குச் சான்றுகள் ஏராளம். வங்கியில் ஏசி கொஞ்சம் கூடுதலாக ஓடினால், "இன்னாப்பா, ஊட்டி மாதிரி கீது" என்கிறோம். ஏலகிரி 'ஏழைகளின் ஊட்டி'. மதனப்பள்ளிக்குப் பக்கத்து ஹார்ஸ்லி மலை 'ஆந்திர ஊட்டி'. எங்கள் ஆலையில் ஃபர்னஸ் ஓரம் வேகிறவர்கள் கன்ட்ரோல் ரூமுக்குள் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வருவதற்குப் பெயரே "ஊட்டிக்குப் போயிட்டு வரேன்". சூப்பர்வைசருக்கும் இது புரியும். லீவு லெட்டர் கேட்பதில்லை. அந்த அறையின் ஏசி மனிதருக்காக வைத்ததல்ல என்பதையும் பதிவு செய்ய வேண்டும். பேனலுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் அட்டைகளுக்குச் சூடு ஆகாது. எனவே 16 டிகிரி. தொழிலாளிக்கு ஆகுமா ஆகாதா என்பது வேறு ஆய்வுக்குரியது.

சொல்லாராய்ச்சியையும் விட்டுவிடலாகாது. 'ஊட்டி' என்பது இலக்கணப்படி வினையெச்சம்; அதாவது முற்றுப்பெறாதது. போய்வந்தவர்கள் இதை மறுக்கமாட்டார்கள்.

ஓர் அலகு இருந்தால் அதற்கு ஒரு மூலப்படி இருக்க வேண்டும். கிலோகிராமுக்கு அப்படி ஓர் உலோக உருளையைப் பாரிஸ் அருகே 1889 முதல் பூட்டிப் பாதுகாத்தார்கள். பின்னாளில் எடுத்துப் பார்த்தால், மூலத்துக்கும் அதன் நகல்களுக்கும் எடையில் துளி வேறுபாடு. 2019-இல் மூலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். வாசகர் இதை நினைவில் வைத்துக்கொள்ளவும், பின்னால் தேவைப்படும். ஊட்டியின் மூலப்படி நீலகிரியில் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதைச் சரிபார்க்கத்தான் ஒரு மே மாதத்தில் பன்னிரண்டு பேர் கொண்ட ஆய்வுக்குழு வேன் பிடித்தது. ஆளுக்கொரு ஸ்வெட்டர், கும்மிடிப்பூண்டி பஜாரிலேயே வாங்கியது.

'மலைக்காக 600 கிலோமீட்டர் போவானேன், திருவள்ளூர் மாவட்டத்திலேயே திருத்தணி இல்லையா' என்று கேட்கலாம். இருக்கிறது. ஆண்டின் நாளுக்கு ஒன்றாக 365 படிகள், ஐந்தாம் படைவீடு. ஆனால் கோடையில் வானிலை அறிக்கையைத் திறந்தால், தமிழ்நாட்டில் வெயில் கொளுத்திய ஊர்களின் பட்டியலில் தலைமாட்டில் நிற்பதும் அதே திருத்தணிதான். முருகன் மேல் குற்றமில்லை. அவன் சினம் தணிந்த இடம் என்பதே தலபுராணம். வெயில் தணிந்த இடம் என்று எந்தப் புராணமும் வாக்குக் கொடுக்கவில்லை.

இனி பயணம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கு இ-பாஸ் வேண்டும். மறு ஆண்டு கோடையில் நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று வரம்பும் வந்தது. அந்த வரம்புக்குள் அடங்கிய வண்டிகள் எல்லாம் எங்கள் வேனுக்கு முன்னால்தான் நின்றன என்பது கண்கூடு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு மலை ரயில் 46 கிலோமீட்டரை ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் ஏறுகிறது. அதற்கு யுனெஸ்கோ 2005-இல் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் கொடுத்தது. அதே வேகத்தில் ஏறிய எங்கள் வேனை இதுவரை யாரும் கண்டுகொள்ளவில்லை.

முதல் களம், ஏரி. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் வெட்டவைத்தது என்று சொன்னதும் ஃபிட்டர் அண்ணனின் முகம் தொங்கிவிட்டது. "அப்போ இதுவும் கட்னதுதானா? நம்ம பூண்டி ஏரியும் கட்னதுதானே!" பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் முடிந்தது, ஊட்டி ஏரியைவிடப் பன்மடங்கு பெரியது. அவர் வாதத்தில் பிழை காண முடியவில்லை. தைல மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்ற தகவலை அவரிடம் சொல்லாமல் மறைத்தோம்.

வெப்பம் அளக்க ஆலைக் கருவியையே கொண்டுபோயிருந்தோம். உருகிய இரும்பைத் தொடாமல் அளக்கும் கருவி அது. அதன் கணக்கு 600 டிகிரியில்தான் தொடங்கும். அதன்படி ஊட்டியும் கும்மிடிப்பூண்டியும் ஒன்றே. வேறு வழியின்றிச் செல்போனைப் பார்த்தோம்: நண்பகல், தாவரவியல் பூங்கா, 26. தாவரங்கள் குளிராகத்தான் இருந்தன. ஆட்கள்தான் அவற்றை மறைத்துக்கொண்டு நின்றார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் இங்கே 29 டிகிரி பதிவானதை நினைத்தால் 26 தேவலை என்று குழுவில் ஒருவர் சமாதானம் சொன்னார். விடுதியில் மின்விசிறி இல்லை. கேட்டதற்கு, "ஊட்டியில எதுக்குங்க ஃபேனு?" என்று வரவேற்பில் இருந்தவர் உண்மையாகவே வியந்தார். அவரும் அலகைத்தான் நம்புகிறார், ஊரை அல்ல.

இரவில் குளிர்ந்ததாம். இரவில் நாங்கள் தூங்கினோம். ஆய்வாளர் விழித்துப் பார்க்காத குளிர் கணக்கில் சேராது.

கணக்கு இதுதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகம். கும்மிடிப்பூண்டியில் 40 என்றால் ஊட்டியில் 25 சொச்சம். செல்போனும் அதைத்தான் காட்டியது. மலை தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஆனால் 40-ஐ 16 ஆக்க எவ்வளவு உயரம் ஏற வேண்டும்? 3,690 மீட்டர். தொட்டபெட்டா 2,637-இல் நின்றுவிடுகிறது. தென்னிந்தியாவிலேயே உயர்ந்த ஆனைமுடி 2,695. ஆக, தேசிய நெடுஞ்சாலை ஓரத்தில், தரைமட்டத்தில் இருக்கும் எங்கள் கன்ட்ரோல் ரூம், குளிர்வழிக் கணக்கில் ஆனைமுடியைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரமானது. இத்தனை நாள் செருப்போடு அதில் ஏறியிருக்கிறோம்.

எனவே ஊட்டியின் மூலப்படிப் பதவி இன்றோடு பறிக்கப்படுகிறது. பாரிஸ் உருளைக்குச் செய்த மரியாதையோடு அது ஓய்வு பெறலாம். வர்க்கியும் தைலமும் விற்றுக்கொள்ளத் தடையில்லை. இனி ஓர் ஊட்டி என்பது எங்கள் கன்ட்ரோல் ரூமில் ஏசிக்கு நேர் கீழே, பேனலுக்கும் சுவருக்கும் இடையில் ஒருவர் நிற்கும் குளிர்.

பன்னிரண்டு ஸ்வெட்டரில் ஒன்றைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருக்கிறோம். உள்ளே போகிறவர் போட்டுக்கொண்டு போய், திரும்பும்போது அதே ஆணியில் மாட்டிவிட்டு வரவும்.