வேதாளக் குன்றின் விக்கிரமர்கள்

புனேயில் வேதாளத்துக்கென்றே ஒரு குன்று இருக்கிறது. வேதாள் டேக்டி என்பார்கள். நகர எல்லைக்குள் அதைவிட உயரமான இடம் கிடையாது. உச்சியில் வேதாளத்துக்குச் சின்னதாக ஒரு கோயில். மராட்டிய நாட்டில் வேதாளம் பயமுறுத்துகிற பேய் அல்ல, ஊரைக் காக்கிற தெய்வம். விடிகாலையில் அங்கே சர்க்கரைக்காக ஏறுகிறவர்கள் உண்டு. மயில் பார்க்க ஏறுகிறவர்கள் உண்டு. குன்றைக் குடைந்து சாலை போடக் கூடாது என்று கையெழுத்து வாங்க ஏறுகிறவர்களும் உண்டு. இவர்களில் யாரோடும் சேராத ஓர் இனம் இருக்கிறது. கோயில் வாசலில் நின்று, வேதாளத்தை ஏற இறங்கப் பார்த்து, "படத்துல இன்னும் நல்லா இருப்பார்" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கும். அதுதான், மாதா மாதம் விக்கிரமன்-வேதாளம் கதை போட்ட சிறுவர் பத்திரிகையான அம்புலிமாமாவின் பக்தர்.

இந்த பக்தர் புனேயில் இரண்டு மொழிகளில் கிடைக்கிறார். தமிழ்ப் பதிப்பை ஊர் ‘அண்ணா’ என்று கூப்பிடும். கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையிலோ பிம்ப்ரியில் ஒரு கம்பெனியிலோ முப்பது சொச்சம் வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். மராட்டிப் பதிப்பு ‘காகா’. சதாசிவ் பேட்டில் பிறந்து, கோத்ரூடில் ஃபிளாட் வாங்கிக் குடிபோய், மனசை மட்டும் பழைய வாடா வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். இவர் படித்தது சாந்தோபா, அதாவது அதே அம்புலிமாமாவின் மராட்டி அவதாரம். சாம்பாரில் சர்க்கரை போடலாமா என்பதில் தொடங்கி எதிலும் ஒத்துப்போகாத இந்த இருவரும் பழைய பைண்டிங்கைக் கண்டால் மட்டும் ஒரே மாதிரி மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார்கள்.

"நானும் சின்ன வயசுல அம்புலிமாமா படிச்சிருக்கேன் சார்" என்று இவர்களிடம் சொல்லிவிட்டால் தொலைந்தீர்கள். சந்தோஷப்படுவார்கள் என்றுதானே எதிர்பார்ப்பீர்கள்? சந்தேகப்படுவார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு முதல் கேள்வி வரும். "பிணம் ராஜாவோட எந்தத் தோள்ல கிடக்கும்?" (விடையை இங்கே எழுதுவதாக இல்லை. எழுதினால் நாளைக்கே நாலு போலிகள் பாஸ் பண்ணிவிடுவார்கள்.) அடுத்தது, "படம் போட்டது யாரு?" சங்கர் என்று நிறுத்தினால் அரை மார்க். கே. சி. சிவசங்கரன், தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு, ஏறக்குறைய அறுபது வருஷம் ஒரே பத்திரிகை, 2020இல் காலமானார், மறு வருஷம் பத்மஸ்ரீ என்று ஒப்பித்தால் முழு மார்க். "இருந்தப்பவே குடுத்திருக்கலாம்" என்று கூடவே ஒரு பெருமூச்சும் விட்டால் டிஸ்டிங்ஷன்.

மூன்றாவது கேள்வியில்தான் பெரும்பாலானவர்கள் கவிழ்வார்கள். "சித்ரா யாரு?" புதிதாக வந்த ஓர் ஐ.டி. பையன், "சங்கர் சாரோட வொய்ஃபா அங்கிள்?" என்று கேட்டுவிட்டான். அண்ணா அன்றைக்குக் காப்பி குடிக்கவில்லை. சித்ரா என்ற பெயரில் பத்திரிகையின் மாயத் தொடர்களுக்கெல்லாம் ராட்சசனும் கோட்டையும் பறக்கும் பிராணியும் வரைந்தவர் டி. வி. ராகவன் என்கிற மீசை முளைத்த ஆண்பிள்ளை என்பதை அந்தப் பையனுக்கு அண்ணா புரியவைத்து முடிப்பதற்குள் அவனுடைய ஆபீஸ் பஸ் போய்விட்டது.

"டிவியில பார்த்திருக்கேன்" என்று சொல்கிறவர்களுக்குப் பரீட்சையே கிடையாது. 1985இல் தூர்தர்ஷனில் வந்த விக்ரம் ஔர் பேதாளைச் சொல்கிறார்கள் என்று தெரிந்த மாத்திரத்தில் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "அருண் கோவில் ராமரா வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நாள் பிணம் தூக்கினார், அவ்வளவுதான்" என்று காகா தீர்ப்புச் சொல்வார். அப்பீல் இல்லை.

அண்ணாவின் பேத்தி ஹாரி பாட்டர் கட்சி. ஏழு தொகுதியையும் தலைகீழாகச் சொல்லுவாள். அண்ணாவுக்கு அந்தப் பையன் மேல் விரோதம் ஒன்றுமில்லை. ஆனால் ஒரு கேள்வி உண்டு. "வருஷக்கணக்கா மாந்திரிகம் படிச்சான், சரி. அதுல ஒருநாளாவது ராத்திரியில தனியா மயானத்துக்குப் போய், மரத்துல தொங்கற பிணத்தை இறக்கித் தோள்ல போட்டுக்கிட்டு, அது சொல்ற கதையையும் கேட்டுக்கிட்டு நடந்திருக்கானா?"

புனேக்காரருக்கு விக்கிரமன் மேல் இத்தனை ஒட்டுதல் ஏன் என்று நான் வெகு நாள் யோசித்ததுண்டு. நிபந்தனையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். வாய் திறந்தால் வேதாளம் பறந்துவிடும், நடந்த நடையெல்லாம் வீண். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் தலை வெடித்துவிடும். சதாசிவ் பேட்டில் மனிதர்கள் காலங்காலமாக இந்த இரண்டாவது விதியின் கீழ்தான் வாழ்ந்து வருகிறார்கள். வழி கேட்டால் வழி சொல்வதற்கு முன் உங்கள் மராட்டியில் இருக்கும் பிழையைத் திருத்துவார்கள். திருத்தாவிட்டால் தலை என்ன ஆவது? இந்தத் தொற்று புனேயில் முப்பது வருஷம் குடியிருந்த தமிழரையும் விடாது. எனவே, மாதா மாதம் தெரிந்தே வாயைத் திறந்து காரியத்தைக் கெடுத்துக்கொண்ட அந்த ராஜா அண்ணாவுக்கும் காகாவுக்கும் மாபெரும் வீரனாகப் படவில்லை, பக்கத்து வீட்டுக்காரனாகப் படுகிறான்.

மூலக் கதையில் இருபத்தைந்தோடு காரியம் முடிந்துவிடுகிறது. கடைசிக் கேள்விக்கு ராஜாவுக்கே விடை தெரியவில்லை, வாயை மூடிக்கொண்டு நடக்கிறான், வேதாளம் மனம் இரங்குகிறது. பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? புதிது புதிதாகக் கதை பண்ணி, சட்டத்துக்குள் மாட்டி, பல நூறு தடவை அந்த மனிதனை மரத்துக்கு நடக்கவிட்டார்கள். பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சாமியார் மயானத்தில் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். பத்திரிகையே 1998இல் நின்று, 1999 கடைசியில் எழுந்து, 2007இல் மும்பைக் கம்பெனி ஒன்றின் கைக்கு மாறி, சில வருஷத்தில் மறுபடி படுத்துவிட்டது. ராஜா பாதி வழியில் நிற்கிறார். காகாவுக்கு இது சொந்தக் குடும்பத்து விவகாரம். "வேலை முடியல, பென்ஷன் மட்டும் நின்னுபோச்சு" என்பார்.

விக்கிரமன் என்கிற இந்தச் சொத்து யாருடையது என்பதில்தான் ஞாயிற்றுக்கிழமைகள் கழிகின்றன. அண்ணா கட்சி தெளிவானது. வடபழநியில் அச்சானது, காரத்தொழுவுக்காரர் வரைந்தது, ஆகவே தமிழருடையது. காகா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் துருப்புச் சீட்டை இறக்குவார். பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்தில் இந்த ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். ஊர், கோதாவரிக் கரைப் பிரதிஷ்டானம். அதாவது பைத்தண். பைத்தணிப் புடவைக்குப் பெயர் கொடுத்த அதே பைத்தண். "ஆக, அண்ணா, பிணம் தூக்கினது எங்க ஆள். நீங்க படம் மட்டும் வரைஞ்சீங்க."

இந்த இடத்தில் மூன்றாவது மாடியிலிருந்து தெலுங்குக்காரரான ராவ்காரு இறங்கி வராமல் இருந்தால் அண்ணா ஏதாவது பதில் யோசித்திருப்பார். ராவ்காரு குரலை உயர்த்த மாட்டார். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் பத்திரிகையைத் தொடங்கினார்கள், சக்கரபாணி தெனாலிக்காரர், கொடவடிகண்டி குடும்பராவ் 1980இல் சாகும்வரை ஆசிரியர் பீடத்தில் இருந்து ஒவ்வொரு வரியையும் செப்பனிட்டார், பத்திரிகையில் பெயர்கூடப் போட்டுக்கொள்ளாமல் தாசரி சுப்ரமணியம் மாயத் தொடர்களாக எழுதித் தள்ளினார், எல்லாம் முதலில் தெலுங்கு, மற்ற மொழிக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பு. "சாந்தோபா 1952ல தானே வந்தது காகா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார். கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு காகா ஃபாஸ்டர் ஃபேணே பக்கம் நகர்ந்துவிடுவார். பா. ரா. பாகவத் படைத்த அந்த ஃபுர்சுங்கிப் பையன் புனேத் தெருக்களில் சைக்கிளை விரட்டிக்கொண்டு திருடர்களைப் பிடிப்பவன். அவன் மேல் தெனாலியால் உரிமை கொண்டாட முடியாது.

புதனும் ஞாயிறும் ஜூனா பஜார். துருப்பிடித்த ஸ்பானர், காது போன டெலிபோன், யாரோ ஒருவரின் கல்யாண ஆல்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் எப்போதாவது ஒரு பழைய இதழ் தலைகாட்டும். அதைப் பார்த்ததும் பக்தர் செய்கிற முதல் காரியம் பார்வையை வேறு பக்கம் திருப்புவது. ஸ்பானரைத் தூக்கி எடை பார்ப்பார். கொட்டாவி விடுவார். "இந்தக் குப்பை என்ன விலை? பேரனுக்குக் கப்பல் செய்ய வேணும்" என்பார். கடைக்காரர் இப்படிப்பட்ட கப்பல்காரர்களை எத்தனையோ பார்த்தவர். ஸ்பானரின் விலையைக் குறைத்து இதழின் விலையை ஏற்றுவார். அண்ணாவும் காகாவும் ஒரே கடையில் ஒரே இதழைப் பார்க்காதது போல நின்றுகொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடைக்காரர் மத்தியானமே கடை கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

இப்படிச் சேர்த்ததெல்லாம் எங்கே போகிறது? பூட்டுக்குள். குழந்தைகளுக்காக அச்சடித்த பத்திரிகைக்குக் குழந்தைதான் முதல் எதிரி என்பதில் இரு பதிப்புகளுக்கும் கருத்து வேற்றுமை கிடையாது. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும், மூலையை மடிக்கும், ராட்சசனுக்கு மீசை வரையும். (தாங்கள் எட்டு வயதில் வரைந்த மீசைகள் அதே தொகுதிகளில் இருக்கின்றன. அவை ‘அந்தக் காலத்து மீசைகள்’.) அண்ணா பீரோ சாவியைப் பூணூலிலோ அரைஞாணிலோ கட்டாத குறை. காகா பூட்டை நம்பவில்லை. புனேக்காரர் எழுத்தை நம்புகிறவர். பலகை எழுதி மாட்டுவது அந்த ஊரின் தனிக் கலை, வாசல் கதவில், பார்க்கிங்கில், படிக்கட்டில் எல்லாம் விருந்தாளியின் மானத்தை நாலே வரியில் வாங்குவார்கள். காகாவின் அலமாரியில் தொங்குவது இது: "புத்தகம் கேட்காதீர்கள். கேட்டால் தர மாட்டோம். தராவிட்டால் வருந்துவீர்கள். வருந்துகிறவர்களுக்கு இங்கே தேநீர் கிடையாது. பகல் ஒன்று முதல் நான்கு வரை இதைப் படிக்கவும் வர வேண்டாம்."

அண்ணாவின் பேத்திக்கு ஒன்பது வயசு. பள்ளியில் இங்கிலீஷும் மராட்டியும். வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. ஆகவே தாத்தாவின் பீரோ திறந்தே கிடந்தாலும் அவளுக்குப் பயன்படாது. அவளால் படிக்கக்கூடிய விக்கிரமன் பாதுகாப்பாக இருந்தது எதிரி முகாமில். அண்ணா தன்மானத்தை வீட்டில் வைத்துவிட்டு, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, காகா வீட்டுக்கு ஒரு மாலை போனார். நானும் கூடப் போனேன், வேடிக்கை பார்க்க.

காகா வரவேற்றார், உட்காரச் சொன்னார், பாக்கர்வடி கொடுத்தார். "சாந்தோபா ஒரு வால்யூம்..." என்று அண்ணா இழுத்ததும் பலகையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பாக்கர்வடிகூடக் கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் மெல்லப்பட்டது.

பெண் காகாவிடம் கெஞ்சவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "பரவாயில்ல, எனக்குக் கதை தெரியும். ராஜா போறார். வேதாளம் ஆலமரத்துல..." என்றாள்.

"முருங்கை மரம்!" என்றார் அண்ணா.

காகாவால் தாங்க முடியவில்லை. "முருங்கையா? முருங்கைக் கிளை ஒரு பூனையைத் தாங்குமா? பிணத்தைத் தொங்கவிட்டா மடக்குன்னு ஒடிஞ்சுரும். சிம்சபா மரம். சோமதேவரே சொல்லியிருக்கார்."

"எங்க ஊர்ல வேதாளம் முருங்கையிலதான் ஏறும். பழமொழியே இருக்கு."

"சரி, ஏதோ மரம்" என்றாள் அவள். "ராஜா ஏறிப் போய் வேதாளத்துக்கிட்ட கதை சொல்றார்."

"ராஜாவா கதை சொல்றார்?" காகா எழுந்தே விட்டார். முதலிலிருந்து ஆரம்பித்தார். சாமியார் கொடுத்த பழம், பழத்துக்குள் ரத்தினம், அமாவாசை, மயானம். நடுவில் அண்ணா குறுக்கிட்டு வேதாளத்தின் சிரிப்பை அந்தக் குரலிலேயே செய்து காட்டினார். மூன்று கதை ஆயிற்று. ஒவ்வொரு கதைக்கும் அவள் தப்பான விடையாகப் பார்த்துச் சொன்னாள். ஒவ்வொரு விடைக்கும் இருவரும் தலை வெடித்துவிடும் போலத் துடித்து முழு நியாயத்தையும் விளக்கினார்கள். மூன்றாவது கதையில் காகா, ஒரு படத்தைக் காட்டினால்தான் புரியும் என்று தாமாகவே அலமாரியைத் திறந்து, அந்தத் தொகுதியை அவள் மடியில் வைத்தார். பலகை கதவோடு திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

படியிறங்கும்போது தாத்தாவை முன்னால் போகவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அங்கிள், அடுத்த வாரம் வேதாளத்துக்கு வால் உண்டுன்னு சொல்லட்டுமா, இல்ல ராஜா குதிரையில போனார்னு சொல்லட்டுமா? எதுக்கு ரெண்டு பேருக்கும் அதிகமா கோபம் வரும்?"