எவ்வானிலைப் பண்டிதர்

ரொறன்ரோ பெரும்பாகத்துத் தமிழரிடையே, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்சிலும் பரவலாகக் காணப்படுபவரும், ஆண்டுதோறும் ஐப்பசி பிறந்ததும் எண்ணிக்கையில் பெருகுபவரும், மின்கார் ஒன்று வாசலில் நின்றாலன்றித் தோன்ற இயலாதவருமான ஒரு மனித வகையை எவ்வானிலைப் பண்டிதர் என்று பெயரிட்டு வழங்கலாம். பெட்ரோல் கார் வைத்திருந்த காலத்தில் இவரும் மற்றவர்களைப் போலவே டயர் என்றால் கறுப்பு, வட்டம், விலை கூடியது என்ற மூன்று செய்திகளோடு மனநிறைவாக வாழ்ந்தவர்தான். மின்காரோடு வந்த டயர்கள் எதிர்பார்த்ததற்கு முன்பே தேய்ந்து, புதியவை வாங்கியே ஆக வேண்டிய நாள் வரும்போதுதான் பண்டிதர் பிறக்கிறார். அந்த நாளுக்கும் புதிய டயர் உண்மையில் காரில் ஏறும் நாளுக்கும் இடைப்பட்ட காலமே அவருடைய வாழ்க்கை வரலாறு. ஊர் வழக்கில் இவர் ‘ரயர்’ என்றே சொல்வார், அப்படியே எழுதவும் செய்வார். டகரம் சொல்லுக்கு முதலில் வராது என்ற தொல்காப்பிய மரபை ஸ்காபரோவின் கராஜுகள் இன்றளவும் காத்துவருவதை இலக்கண ஆசிரியர்கள் கவனிப்பது நன்று.

பண்டிதரின் சிக்கல் விளங்க வேண்டுமானால் கனடிய டயர்களின் வகைப்பாடு ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். குளிர்கால டயர் என்பது கடுங்குளிரிலும் இறுகாத மென்மையான ரப்பரால் ஆனது; அதன் முகப்பில், அதாவது தெருவைத் தொடும் பகுதியில், பனியைக் கவ்வுவதற்கென்று நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும்; கார்த்திகையில் மாட்டிச் சித்திரையில் கழற்ற வேண்டும். ‘ஓல் சீசன்’ என்று விற்கப்படும் எல்லாப் பருவ டயர், பெயருக்கு மாறாக, பனிக்காலத்தை எல்லாப் பருவங்களில் ஒன்றாகக் கருதுவதில்லை. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் அதன் ரப்பர் இறுகத் தொடங்கும் என்பது டயர்த் தொழிலார் சொல்லும் கணக்கு. இதனாலேயே கனடியர்கள் அதை மூன்று பருவ டயர் என்று கேலி செய்வதுண்டு. அதன் பக்கவாட்டில் ‘எம் பிளஸ் எஸ்’ என்று, சேற்றையும் பனியையும் குறிக்கும் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தாலும், அவை முகப்புப் பள்ளங்களின் அமைப்பைப் பார்த்து இடப்படுபவையே. அந்த டயர் பனியைக் கண்ணால் கண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் ‘ஓல் வெதர்’ எனப்படும் எவ்வானிலை டயர். ஆண்டு முழுவதும் கழற்றாமல் ஓட்டலாம், ஆயினும் பக்கவாட்டில் மும்முகடு கொண்ட மலையும் அதனுள் ஒரு பனிப்படிகமும் பொறிக்கப்பட்டிருக்கும். 1999இல் அமெரிக்க, கனடிய ரப்பர்த் தொழிலார் ஏற்படுத்திய இந்தக் குறியைப் பெற, அழுத்தப்பட்ட பனியின்மேல் ஒரு மாதிரி டயரைவிடக் குறைந்தது 10 விழுக்காடு கூடுதலான பிடிப்பை அந்த டயர் காட்டியிருக்க வேண்டும். அந்தச் சோதனை அளப்பது காரை முன்னோக்கி உந்தும் பிடிப்பை மட்டுமே. பிரேக் அழுத்தினால் நிற்குமா, ஐஸில் வளைவு திரும்புமா என்று அது கேட்பதில்லை. பண்டிதரும் இதைப் படித்திருக்கிறார். படித்துவிட்டு, மலைக்குறி இருக்கிறதென்று நிம்மதியும் அடைந்திருக்கிறார்.

ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்து, முன்பனி என்றும் பின்பனி என்றும் இரண்டுக்குப் பெயர் வைத்த தமிழ், அந்தப் பனியைப் புல் நுனியில் நிற்கும் நீர்த்துளி என்ற அளவிலேயே அறிந்திருந்தது. அதே மொழியைப் பேசும் பண்டிதரோ இன்று விழும் பனி, மிதிபட்டு இறுகிய பனி, உப்புப் பட்டுக் கூழான பனி, தெருவின் நிறத்திலேயே படர்ந்து கண்ணுக்குப் புலப்படாத ஐஸ் என நால்வகை காண்பவர். ஒவ்வொன்றுக்கும் எந்த டயர் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று சொல்லவும் வல்லவர். அவர் பிறந்த ஊரில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்கினால் அது ஒரு செய்தி என்பதை எண்ணும்போது, இந்த வளர்ச்சியை வியக்காமல் இருக்க முடியாது.

இதுவரை சொன்னது எல்லாக் கார்களுக்கும் பொது. பண்டிதரைப் பண்டிதராக்குவது மின்கார். அடியில் மின்கலத் தொகுதியைச் சுமப்பதால் அது தன்னளவு பெட்ரோல் காரைவிடப் பல நூறு கிலோ கூடுதலாக இருக்கும். மிதித்த கணமே முழு முறுக்கு விசையும் சக்கரத்துக்குப் போய்விடுவதால் டயர் விரைவாகத் தேயும். இயந்திர ஓசை இல்லாததால் டயரின் இரைச்சல் மட்டும் காதில் விழும். அந்த இரைச்சலைக் குறைக்கச் சில டயர்களின் உட்புறத்தில் பஞ்சு போன்ற நுரைப்பட்டை ஒட்டப்பட்டிருக்கும். ஆணி குத்தினால் அதை வெட்டியெடுத்த பிறகே ஒட்டுப்போட முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உருளும் தடை என்று ஒன்று உண்டு. டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி மீள்வதில் வெப்பமாக வீணாகும் ஆற்றலே அது. அது கூடினால் ஒரு முறை ஏற்றிய மின்சாரத்தில் கார் ஓடும் தூரம் குறையும். பனியைக் கவ்வும் மென்மையும் கீறல்களும் பெரும்பாலும் இந்தத் தடையைக் கூட்டுபவை. ஆகவே பனியில் பிடிப்பு வேண்டும், தூரமும் குறையக்கூடாது, ஓசையும் எழக்கூடாது, நீண்ட நாளும் உழைக்க வேண்டும் என்று பண்டிதர் கேட்பது, சீதனமும் வேண்டும், பெண்ணும் டாக்டராக இருக்க வேண்டும், சமையலும் தெரிந்திருக்க வேண்டும், மாமியாரோடும் ஒத்துப்போக வேண்டும் என்று கேட்கும் மாப்பிள்ளை வீட்டாரின் பட்டியலுக்கு ஒப்பானது. அவர் காரின் முழு மின்னேற்றம் 400 கிலோமீட்டருக்குப் போதுமானது. அவர் நாளொன்றுக்கு ஓட்டுவது 40 கிலோமீட்டர். எனினும் தவறான டயரால் 20 கிலோமீட்டர் குறைந்துவிடும் என்ற நினைப்பு அவரை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கிறது.

எழுந்தவர் கணினியைத் திறக்கிறார். அதில் பதினான்கு நிரல்கள் கொண்ட அட்டவணை ஒன்று உண்டு. நிரைகளில் மிஷலின் குரோஸ்கிளைமேட் 2, நோக்கியன் ரெமெடி, பிரிட்ஜ்ஸ்டோன் வெதர்பீக், டோயோ செல்சியஸ் முதலியன அமர்ந்திருக்கும். ஒன்று பனியில் வென்றால் ஓசையில் தோற்கிறது. ஓசையில் வென்றது விலையில் தோற்கிறது. எல்லாவற்றிலும் வென்றது அவருடைய அளவில் வருவதில்லை. அளவு என்பது 235/45ஆர்18 என்பது போன்ற ஒரு மந்திரம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்பது உள்ளிழைகள் ஆரவாக்கில் ஓடுவதைக் குறிப்பது. கடைசி எண், டயர் அமரும் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஒரே கணக்கில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் வருவதை உலகம் எப்படிப் பொறுத்துக்கொண்டது என்று பண்டிதர் வியப்பதுண்டு. அந்த வியப்பு நியாயமானதே. அடுத்து வரும் 98 என்ற எண், அந்த டயர் 750 கிலோ தாங்கும் என்று பொருள்படும். நான்கு டயருக்கு 3000 கிலோ. காரின் எடை, தாம், மனைவி, இரு பிள்ளைகள், மாமியார், தமிழ்க் கடையில் வாங்கிய 40 இறாத்தல் அரிசி மூட்டை இரண்டு என்று கூட்டிப் பார்த்து, எல்லைக்கு வெகு கீழே இருப்பது தெரிந்த பிறகும், மாமியாரின் எடையை ஊகமாகவே இட்டிருப்பதால் கணக்கில் பிழை இருக்கலாம் என்று ஓரத்தில் குறித்து வைக்கிறார்.

தேய்மானத் தரம் என்று இன்னோர் எண் உண்டு. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் சான் ஆஞ்சலோ நகரை ஒட்டிய 400 மைல் பாதையில் ஓட்டிப் பார்த்து, மாதிரி டயரோடு ஒப்பிட்டு, தயாரிப்பாளரே தம் டயருக்குத் தாமே இட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. பனியே அரிதான அந்த வறண்ட சமவெளியின் கணக்கைக் கொண்டு மார்க்கம் வீதியின் உப்புக் கூழில் தம் டயர் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று பண்டிதர் கணிப்பது, மூலத்தைப் பார்க்காமல் உரைக்கு உரை எழுதுவது போன்றது.

தேய்ந்ததை அளக்கும் சடங்கைக் கிட்ட நின்று பார்ப்பது தகும். வீட்டு வாசலில், இரவு ஒன்பது மணிக்கு, கைப்பேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு முழங்காலைக் கால்துடைப்பான்மேல் ஊன்றி, 25 சத நாணயத்தில் உள்ள கரிபு மானை மூக்குக் கீழே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்து டயரின் பள்ளத்தில் செருகுகிறார். மானின் மூக்கு எவ்வளவு மறைகிறதோ அவ்வளவு ஆயுள் மீதி. வெளிப் பள்ளம், நடுப் பள்ளம், உட்பள்ளம் என்று ஒரு டயருக்கு மூன்று முறை. நான்கு டயருக்குப் பன்னிரண்டு. சட்டம் கேட்பது 1.5 மில்லிமீட்டர், பண்டிதரின் மனசாட்சி கேட்பது 5.

“இஞ்சாருங்கோ, நேற்றுப் பார்த்த மான்தானே உது? சாப்பாடு ஆறுது, வாங்கோ.”

“நேற்று மைனஸ் இரண்டப்பா. இண்டைக்கு மைனஸ் ஆறு.”

மானுக்கு அதனால் எந்த மாற்றமும் இல்லை.

பொது இடங்களில் பண்டிதரைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். திருமண மண்டபத்தில் எல்லோரும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்க்கும்போது அவர் தரிப்பிடத்தில் குனிந்து, பிறர் டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியைப் படித்துக்கொண்டிருப்பார். 3523 என்றிருந்தால் 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் அந்த டயர் பிறந்தது என்பது பொருள். மாப்பிள்ளையின் சாதகத்தைவிட இதில் தவறு வர வாய்ப்புக் குறைவு. செத்த வீட்டிலும் இவர் ஓய்வதில்லை. தொண்ணூறு வயதில் கட்டிலில் கிடந்து காலமானவரின் மகனிடம் துக்கம் விசாரித்துக் கையை விடுமுன், “வெளியில நிக்கிற வெள்ளைக் கார் தம்பீடதோ? ஓல் சீசனோட நிக்கிறீர் போல” என்பார்.

கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிப்படிகக் குறியுள்ள டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவின் கார்களுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. சட்டம் முடிவெடுக்காமல் விட்ட இடத்தில் பண்டிதர் செழிக்கிறார். ஆனால் 2016 ஜனவரி முதல் ஒன்ராறியோவின் காப்புறுதி நிறுவனங்கள் குளிர்கால டயருக்குக் கழிவு தந்தாக வேண்டும். எவ்வானிலை டயரும் அதில் சேருமா என்பதை அறியப் பண்டிதர் ஒரு முற்பகல் முழுவதையும் தொலைபேசி இசைக்குக் கொடுக்கிறார். கிடைக்கும் கழிவு, அந்த முற்பகலுக்கு வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலியைவிடக் குறைவு.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: பண்டிதரின் அடிப்படை முடிவு தவறானதன்று. பனி விழுந்த சில மணி நேரத்தில் வழித்தும் உப்பிட்டும் முடித்துவிடும் ஏரிக்கரை நகரில், மாற்றுச் செலவும் களஞ்சிய இடமும் மிச்சமாகும் எவ்வானிலை டயர் போதுமானதே. சட்பரிப் பக்கம் அடிக்கடி போகிறவர்க்கு அது போதாது. ஐஸ்மேல் நல்ல குளிர்கால டயருக்கு அது ஈடுமாகாது. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். பண்டிதருக்கு ஏழு வாரம் ஆகிறது. அதற்குள் முதற்பனி விழுந்து, ஊரிலுள்ள எல்லாக் கராஜிலும் வரிசை நீண்டு, அட்டவணையில் முதலிடம் பெற்ற டயர் தீர்ந்தே போகிறது.

தமிழ்க் கராஜில் மூன்றாமிடத்து டயரைப் பூட்டிக்கொண்டிருந்த இளைஞனிடம், உருளும் தடையைப் பற்றியும் மின்கார் தானே வேகம் குறைக்கும்போது ஐஸில் பின்சக்கரம் வழுக்கக்கூடிய வாய்ப்பைப் பற்றியும் அவர் விரிவாக எடுத்துரைத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட இளைஞன் கடைசியில், “அண்ணை, பழைய ரயருக்குக் காத்து அடிச்சனீங்களோ?” என்று மட்டும் கேட்டான். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கும்தோறும் டயரின் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ குறையும். கதவோரத் தாளில் 42 என்று எழுதியிருக்க, நான்கிலும் இருந்தது 33. அட்டவணையின் பதினான்கு நிரல்களில் காற்றுக்கு இடமில்லை.

முதியோர் இல்லமொன்றில் காலைப் பணி பார்க்கும் அவர் மனைவி, பனி கொட்டும் நாளிலும் ஐந்து மணிக்குத் தம் பழைய பெட்ரோல் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறார். ஆண்டுக்கு இருமுறை அதே இளைஞன் அதற்கு டயர் மாற்றிக் காற்றும் பார்த்துவிடுகிறான். அது எந்த நிறுவனத்து டயர் என்பது அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.