ஜவ்வரிசி முதல் கசகசா வரை: ரிவிட் தலை பற்றிய ஓர் ஆய்வு

வாணலியின் காதோரம் இரண்டு குமிழ்கள் இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் அவற்றின் மறுபாதி தெரியும். தேய்க்கிற நார் அங்கேதான் சிக்கும். எண்ணெய்ப் பிசுக்கு அங்கேதான் தங்கும். தாளிக்கிறவர்கள் நாள்தோறும் பார்க்கும் இந்தக் குமிழைத் தமிழ் ஆய்வுலகம் நெடுங்காலமாகப் புறக்கணித்து வருகிறது. அக்குறையை ஓரளவேனும் களைவது இக்கட்டுரையின் நோக்கம். முழுவதும் களைய நிதியுதவி வேண்டும்.

முதலில் பெயர். கலைச்சொல் அகராதிக்காரர்களுக்கு இது தறையாணி. ஹார்டுவேர்ஸ் கடையில் போய் "அண்ணே, தறையாணி நூறு கிராம்" என்று கேட்பவர் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். அங்கே இதன் பெயர் ரிவிட். பேச்சுவழக்கில் ஒருவரை வசமாக மாட்டிவிடுவதற்கும் 'ரிவிட் அடிப்பது' என்று பெயர். தொழில்நுட்ப நோக்கில் இச்சொல்லாட்சி குற்றமற்றது. ஆணியைப் பிடுங்கலாம், ஸ்குரூவைக் கழற்றலாம். ரிவிட் அடித்துவிட்டால் தலையைச் சீவினாலொழிய விடுதலை கிடையாது. பிறக்கும்போது ஒரு தலை, வேலையில் சேர்ந்தபின் இரண்டு தலை என்று வாழும் ஒரே பண்டமும் இதுவே.

வெல்டிங் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை பாய்லர், பாலம், கப்பல் எல்லாவற்றையும் இந்த இரட்டைத் தலையர்களே கட்டிக் காத்தார்கள். ஈபில் கோபுரத்தில் மட்டும் 25 லட்சம் பேர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். ஆகவே பழைய இயந்திரம் ஒன்றைச் சிறிய அளவில் உலோகத்தில் செய்ய உட்காருகிறவர் சக்கரத்தைப் பற்றியும் பிஸ்டனைப் பற்றியும் எவ்வளவு கனவு கண்டாலும், கடைசியில் வந்து நிற்கும் இடம் ரிவிட் தலைதான்.

ஆய்வுக்களமாக அயோத்தியாப்பட்டணம் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம் உண்டு. இலங்கையிலிருந்து திரும்பும் வழியில் ராமர் இங்கே தங்கிப் பட்டாபிஷேகக் கோலம் காட்டினார் என்பது ஊர்க்கதை. கோதண்டராமர் கோயில் அதற்குச் சாட்சி. அதாவது சரயு நதிக்கரையில் இருக்கும் ஓர் ஊருக்குச் சேலத்துக்குக் கிழக்கே செய்துவைத்த மாதிரி இது. எந்த விகிதத்தில் என்று மட்டும் ஊர்க்கதை சொல்வதில்லை. போதாக்குறைக்கு, சேலம் – விருத்தாசலம் பாதையில் ஒரு ரயில் நிலையமும் உண்டு. அகலப்பாதையாக மாறும்முன் அது மீட்டர் கேஜ். எனவே இவ்வூர்க்காரர் ஒருவர் பழைய மீட்டர் கேஜ் நீராவி இன்ஜினைச் செய்ய ஆசைப்படுவதாக வைத்துக்கொள்வோம்.

பழைய இன்ஜின்களில் முக்கால் அங்குலத் தண்டுள்ள ரிவிட், அதாவது 19 மில்லிமீட்டர், சாதாரணம். அதன் தலை ஏறக்குறைய 30 மில்லிமீட்டர். இதை விகிதப்படி வகுத்துக்கொண்டே போனால் ஒரு பேருண்மை வெளிப்படுகிறது: ரிவிட் இயல் என்பது மளிகைக் கடையே. 1:8 விகிதத்தில் தலை 3.8 மில்லிமீட்டர், இது ஜவ்வரிசி. 1:12-இல் 2.5, பருத்த கடுகு. 1:20-இல் ஒன்றரை, ராகி. 1:32-இல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, கசகசா. கடைகளில் பொம்மை ரயிலாக வரும் 1:87-இல் 0.34 மில்லிமீட்டர், இதற்கு மளிகையில் இணை இல்லை, பூஜை அறைக்குப் போய் விபூதித் தட்டில்தான் தேட வேண்டும். 1943-44 வாக்கில் ஜவ்வரிசி செய்யத் தொடங்கி, 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு அமைப்பையும் கண்ட சேலத்து மக்களுக்கு இந்த வகைப்பாட்டைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பொடி ஜவ்வரிசி, பெரிய ஜவ்வரிசி என்று கண்ணாலேயே தரம் பிரித்துப் பழகிய கை அது.

கடுகு வகையைக் கையால் செய்யும் முறை வருமாறு. 1.6 மில்லிமீட்டர் செம்புக் கம்பியைச் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் போட வேண்டும். எஃகு இப்படிச் செய்தால் முறுக்கிக்கொள்ளும், செம்பு இளகிவிடும். அடுத்து, எஃகுத் தகட்டில் போட்ட துளையில் கம்பியை நிறுத்தி, மேலே 2 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுவது. அரைக்கோளத் தலைக்குத் தண்டின் விட்டத்தைப் போல ஒன்றேகால் மடங்கு கம்பி வேண்டும் என்பது கணக்கு. சின்னச் சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டினால் நுனி காளான் மாதிரி விரியும். அப்போது நுனியில் அரைக்கிண்ணக் குழி உள்ள உளியை வைத்து ஒரே அடி. கம்பி கால் மில்லிமீட்டர் கூடிவிட்டால் தலையைச் சுற்றிப் பாவாடை கட்டிக்கொள்ளும். குறைந்துவிட்டால் ஒரு பக்கம் வழுக்கை விழும். பாவாடையை அரத்தால் ராவிச் சரி செய்யலாம். வழுக்கைக்கு மருந்து இங்கேயும் இல்லை.

எண்ணிக்கை இயலிலும் ஒரு வழு உண்டு. மூன்று மீட்டர் நீளமுள்ள தண்ணீர்த் தொட்டித் தகட்டில் 75 மில்லிமீட்டருக்கு ஒரு ரிவிட் என்றால் மொத்தம் எத்தனை? நாற்பது என்று சட்டென்று சொல்கிறவர்களே அதிகம். கடைசியில் பார்த்தால் ஓரத்தில் ஒரு துளை வாய் பிளந்து நிற்கும், ஏனென்றால் விடை 41. வேலிக்குக் கல் நட்டவர்களுக்கு இது தெரியும். ஒன்றுக்கு ஐந்து நிமிடம் வைத்தாலும் ஒரு வரிசைக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், அதாவது தீபாவளி முறுக்கு முழுவதும் சுட்டு முடிக்கும் நேரம்.

இத்தனை பாடு படுகிறவர் பக்கத்திலேயே கொலுசுப் பட்டறைகள் இருப்பதை மறந்துவிடுகிறார். சேலம் செவ்வாய்ப்பேட்டை வட்டாரத்தில் வெள்ளிக் கம்பியை அச்சில் விட்டு இழுப்பதும், முத்து வைப்பதும், பொடி வைத்து ஊதுவதும் அன்றாட வேலை. வெள்ளித் துணுக்கைக் கரிமேல் வைத்து ஊதினால் உருகித் தானாகவே உருண்டையாகிவிடும். சுத்தியலும் வேண்டாம், அரமும் வேண்டாம். உருகிய உலோகத்தின் பரப்பு இழுவிசையே வேலையை முடித்துவிடும். ஒரே எச்சரிக்கை: உருண்டையின் விட்டம் இரு மடங்கானால் வெள்ளி எட்டு மடங்கு ஆகும். இன்றைய வெள்ளி விலையில் கசகசா கட்டுப்படியாகும். ஜவ்வரிசிக்கு நகைக்கடன் வாங்க வேண்டும்.

பாய்லர் விஷயத்தில் இந்தப் பட்டறை ஞானம் இன்னும் நேராக உதவும். தண்ணீர் கொதித்து ஓடும் மாதிரி இன்ஜினுக்குப் பாய்லரை வழக்கமாகச் செம்பில்தான் செய்வார்கள், இரும்பு துருப்பிடிக்கும் என்பதால். இரும்புத் தாது நிறைந்த கஞ்சமலையையே பக்கத்தில் வைத்துக்கொண்டு செம்பு வாங்குவது சற்று உறுத்தலாம். சேலத்துத் தாதுவை நம்பி 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஹீத் துரை கேட்டிருந்தால் வருந்தியிருப்பார். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும். வெள்ளி கலந்த பற்றாசு அதற்கு வெகு முன்பே, 600-க்கும் 800-க்கும் இடையில் இளகி, இடுக்கெல்லாம் புகுந்து பிடித்துக்கொள்ளும். அதுவரை தகடுகளை அசையாமல் பிடித்திருப்பது மட்டுமே ரிவிட்டின் கடமை. அசல் பாய்லரில் சுமை தாங்கிய வீரன், மாதிரியில் பந்தல்கால் ஆகிவிடுகிறான்.

இத்துறையில் கட்சிகளும் உண்டு. இங்கிலாந்தில் 1898 முதல் மாதிரிப் பொறியாளர்களுக்கென்றே ஒரு பத்திரிகை வருகிறது. அசலில் இருந்த ரிவிட் மாதிரியிலும் இருக்கிறதா என்று விரல்விட்டுப் பார்ப்பவர்களை அங்கே 'ரிவிட் எண்ணுகிறவர்கள்' என்று கேலி செய்வார்கள். எதிர்க்கட்சி மூன்றடிக் கட்சி: மூன்றடி தள்ளி நின்று பார்த்தால் சரியாகத் தெரிந்தால் போதும் என்பது அவர்கள் கொள்கை. மெல்லிய பித்தளைத் தகட்டைப் பின்பக்கமிருந்து மழுங்கிய ஊசியால் குத்திப் புடைக்க வைப்பது அவர்கள் வழி. வேகமான வழிதான். ஆனாலும் இவ்வாய்வாளரின் தீர்ப்பில் அது ரிவிட் ஆகாது, வேர்க்குரு. எதையும் எதனோடும் இணைக்காத தலைக்கு அந்தப் பட்டத்தைக் கொடுக்க முடியாது.

எண்ணுகிறவர்களின் தலைமைப் பீடம் தமிழ்நாட்டில் இருக்கிறது என்றால் அது திருச்சி பொன்மலைப் பணிமனை. 1928-இல் தொடங்கிய பணிமனை அது. நீலகிரி மலை ரயிலுக்கு ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலை 1914 முதல் செய்து கொடுத்த எக்ஸ் வகைப் பல்சக்கர இன்ஜினை, இந்த நூற்றாண்டில் இங்கேயே புதிதாகச் செய்தார்கள். முதலில் எண்ணெயில் ஓடுபவை. 2021-இல் நிலக்கரியில் ஓடுவதும் வந்தது. அவர்கள் தேர்ந்த விகிதம் 1:1. மாதிரி என்று ஒத்துக்கொள்ள அவர்கள் கூச்சப்படலாம். ஆனால் பழைய வடிவத்தைப் பார்த்து ஒவ்வொரு உறுப்பாகச் செய்து கோத்தது மாதிரி வேலை அல்லாமல் வேறென்ன? அவர்கள் ரிவிட் தலை மளிகைக் கடையைத் தாண்டி எலுமிச்சம்பழக் கூடையை எட்டிவிடுகிறது.

அவர்களுக்கு இல்லாத ஒரு தொல்லை சிறிய விகிதக்காரருக்கு உண்டு. குறடு சற்று வழுக்கினால் கசகசா அளவு ரிவிட் 'டிங்' என்று தெறித்து மறையும். இரும்புச் சாமான்களைக் காந்தத்தைக் காட்டித் தேடலாம். செம்பும் வெள்ளியும் காந்தத்தை மதிப்பதில்லை. கொலுசுப் பட்டறையில் தரைத் தூசியைக் கூட்டி எடுத்து உள்ளிருக்கும் வெள்ளியைப் பிரிப்பார்கள். வீட்டில் செய்கிறவருக்குத் துடைப்பமும் முறமும் மாவுச் சல்லடையும்தான் கருவிகள். சலித்துக்கொண்டிருக்கும்போது அடுக்களையிலிருந்து, "அந்தச் சல்லடை எங்கே வெச்சீங்க?" என்று குரல் வரும்.