ஆள் ஏறாத கப்பல்

"கப்பல் முடிஞ்சுது தம்பி. ஆள் ஏத்துறதுதான் பாக்கி" என்பார் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னார்.

ஓய்வு பெற்ற மறுவாரமே பொம்மைக் கப்பல் கட்ட உட்கார்ந்துவிடும் பெரியவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஒருவர் 1914இல் சென்னைமீது குண்டு போட்ட எம்டனைக் கட்டுவார். இன்னொருவர் வ.உ.சி.யின் காலியாவைக் கட்டுவார். எனக்கு வாய்த்தவர் ரஜூலாக்காரர். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி, 1974இல் உடைபட்டது. நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் ரஜூலாவின் நீள அகலம் சொல்வார். இவர் கடலில் போன தூரமோ கன்னியாகுமரிக் கரையிலிருந்து விவேகானந்தர் பாறை வரைக்கும்தான். அதுவும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு.

ஐஸ்குச்சி சேர்ப்பது, ஓடுகிற மிக்ஸியின் வயரை அறுப்பது, மருமகளின் நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்து ஒளித்துவைப்பது என்று உபகுணங்கள் பல உண்டு. அவற்றை விடுங்கள். ஆள் ஏற்றுவதற்கு வருவோம்.

அளவு இருநூற்றில் ஒரு பங்கு. கப்பலே இரண்டரை அடிக்குச் சற்றுக் குறைவு என்றால் ஆள் எவ்வளவு இருப்பான்? எட்டரை மில்லிமீட்டர். வடித்த சோற்றுப் பருக்கை மாதிரி. துறைமுகம் சாப்பாட்டு மேஜை என்பதால், ஒருமுறை மூன்றாம் அதிகாரி தயிர்சாதத்தில் விழுந்துவிட்டார். சாயங்காலம்வரை தேடியும் கிடைக்கவில்லை. யார் வயிற்றில் போனார் என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை ஒருமித்த கருத்து இல்லை.

அந்தப் பருக்கையைச் சும்மா ஒட்டிவிட முடியாது. காலடியில் 0.3 மில்லிமீட்டரில் ஒரு துளை. அதில் மிக்ஸி வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழை. தளத்தில் அதே அளவில் இன்னொரு துளை. சுற்றிலும் பெயிண்டைச் சுரண்டினால்தான் பசை பிடிக்கும். நொடியில் ஒட்டும் பசை ஆகவே ஆகாது. அதன் ஆவி பட்டால் கப்பலின் ஜன்னலெல்லாம் வெள்ளை பூத்துவிடும். தவிர, ஆளுக்கு முன்னால் விரல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே மரவேலைக்கான வெள்ளைப் பசை, ஊசிமுனையில் ஒரு துளி. அது நிதானமாகக் காயும். காயும்வரை ஆள் சாயக் கூடாது. ஆள் சாயாதிருக்க, காற்று அசையக் கூடாது.

"ஃபேனை நிறுத்து!"

சென்னையில், மே மாதத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு. வந்தவர்கள் தும்மக் கூடாது. சிரிக்கக் கூடாது. மூச்சுவிடலாம், ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பி.

இவ்வளவு பாடுபட்டு நிறுத்திய ஆள் அங்கேயே நிற்பானா என்றால், அதுதான் இல்லை. அன்று பிரிட்ஜ் ஓரத்தில் இரண்டாம் அதிகாரி நின்றுகொண்டிருந்தார். தோளில் இரண்டு பட்டை. லென்ஸ் வைத்துப் பார்த்தால்தான் தோள் இருப்பதே தெரியும். "பிரமாதம் சார்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க. இரண்டாம் அதிகாரிக்கு எந்த வாட்ச்? பன்னிரண்டுலேருந்து நாலு. அப்போ கப்பல்ல மணி என்ன? மத்தியானம். மத்தியானம்னா வெயில். வெயில்னா தளத்துமேல கித்தான் பந்தல் கட்டியிருப்பாங்க. டெக் பயணிங்க எல்லாம் பந்தலுக்குக் கீழ. அப்புறம் அவங்களை ஒட்டி என்ன பிரயோஜனம்? யாரு பாக்கப்போறா?"

ஈரப் பஞ்சால் பசையை ஊறவைத்து இரண்டாம் அதிகாரியை இறக்கினார். தலைமை அதிகாரி ஏறினார். அவருக்கு நாலிலிருந்து எட்டு. விடிகாலையா, சாயங்காலமா? விடிகாலை என்றால் தளம் கழுவும் நேரம். செராங் அதட்ட, லஸ்கர்கள் குழாய் பிடிக்க, பயணிகள் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்க வேண்டும். காகிதப் பாய் அத்தனையும் சுருண்டன. சாயங்காலம் என்றால் அத்தனையும் விரிய வேண்டும். விரிந்தன. விடியலா அந்தியா என்று வாரக்கணக்கில் யோசித்து, கடைசியில் இரண்டும் வேண்டாம், காலை எட்டு மணிக்குமேல் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார். எட்டிலிருந்து பன்னிரண்டு மூன்றாம் அதிகாரியின் வாட்ச். அவர்தான் தயிர்சாதத்தோடு போய்விட்டாரே.

ரஜூலா ஆயிரக்கணக்கில் டெக் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பல். இந்த வேகத்தில் இவர் ஏற்றினால் பேரனின் பேரன்தான் நங்கூரம் தூக்குவான்.

ஒரே ஒருவன் மட்டும் இடம் மாறியதே இல்லை. பின்தளத்தில் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருக்கும் பையன். "எங்கப்பா. பினாங்குக்கு டெக் டிக்கெட்ல போனாரு" என்றார் ஒருநாள், என் முகத்தைப் பார்க்காமல். அவனுக்கு வாட்சும் கிடையாது, மணியும் கிடையாது. எந்த நேரமானாலும் அவன் அங்கேதான். நல்ல மனுஷர்தான், இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும். ரஜூலாவில் பண்டாரி எத்தனை மணிக்குச் சோறு போடுவான் என்று அவருக்குத் தெரியும். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார் என்று தெரியாது. மேஜையைக் கப்பல் எடுத்துக்கொண்டதால் அக்காவுக்குத் தரையில் தட்டு. முட்டிவலியோடு உட்கார்ந்து எழுவதும் அவர்தான், டார்ச் பிடிப்பதும் அவர்தான், பாய்களைச் சுருட்டி விரித்ததும் அவர்தான். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது என்று கேட்டுக்கேட்டுப் பேரன் லீவுக்கு வருவதையே விட்டுவிட்டான். பொழுதுபோக்கு ஒருவருக்கு, வேர்வை வீட்டிலுள்ள எல்லாருக்கும் என்றால் அதற்குப் பெயர் அடாவடி.

உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். அவருக்கும் எழுபதாம் கல்யாணம் வரும். லென்ஸ் வைத்த விளக்கு, மெல்லிய இடுக்கி என்று எதையாவது பரிசளித்துத் தொலைக்காதீர்கள். கப்பலை அளவெடுத்து ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து கொடுங்கள். நாலு பக்கமும் ஸ்க்ரூ போட்டு முடுக்கியதாக இருக்கட்டும். ஸ்க்ரூ டிரைவரை மறக்காமல் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள்.